கரு கலைந்த பிறகு குழந்தைப்பேறு சிகிச்சை: கம்பம், குமுளி, மூணாறு பக்கத்தவர்களுக்கு

கரு தங்கிக் கலைந்தவருக்கும் கருவே தங்காதவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. முன்னவருடைய கேள்வி, தங்கிய கரு ஏன் நிற்கவில்லை என்பது. பின்னவருடையது, ஏன் தங்கவே இல்லை என்பது. இரண்டும் சேர்ந்த தம்பதிகளும் உண்டு. மூன்று வருடம் காத்திருந்து தங்கிய கரு எட்டாவது வாரத்தில் போயிருக்கும். உங்களுடையது எந்தக் கேள்வி என்று தெரியாமல் நேராக ஐவிஎஃப் மையத்தின் படியேறினால் காசும் மாதங்களும் கரையும். ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்ப்பது, கருவை உண்டாக்க உதவும். உண்டான கரு கலையாமல் காக்கும் வேலையை அது பெரும்பாலும் செய்வதில்லை. முயற்சி செய்த இரண்டு மூன்று மாதத்திலேயே கரு தங்கி, ஒவ்வொரு முறையும் கலைந்துபோகிற பெண்ணுக்கு யாராவது ஐவிஎஃப் சொன்னால், "எதற்காக?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

கம்பம், கூடலூர், போடி, தேனிப் பக்கத்திலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு, நெடுங்கண்டம், பூப்பாறை, மூணாறிலிருந்தும் சிகிச்சைக்குக் கிளம்புகிற தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு டாக்டர் இந்தப் பக்கம், ஸ்கேன் அந்தப் பக்கம், லேப் இன்னொரு ஊரில் என்று சிதறுவதுதான் இங்கே பாதிச் சிக்கல்.

முதல் ஆறு வாரம்

கரு தானாகக் கலைந்தாலும், மாத்திரை கொடுத்து வெளியேற்றினாலும், டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, செய்தாலும், முதல் வேலை ஒன்றே: முழுதாக வெளியேறிவிட்டதா என்று உறுதி செய்வது. மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். இன்னும் இரண்டு கோடு வந்தால் டாக்டரிடம் போய் பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். உள்ளே திசு மிஞ்சியிருக்கலாம். ரத்தப்போக்கு இரண்டு வாரம் வரை சிறிது சிறிதாக இருப்பது இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெளியேறுவது நாற்றமடித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 இரண்டு மாநிலத்திலும் ஓடுகிறது. கலைந்த முதல் இரண்டு வாரம் தனியாக எஸ்டேட் லயத்தில் இருப்பவர்கள், இரவில் ஜீப் யாரிடம் கிடைக்கும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், கணவர் பாசிட்டிவாக இருக்கும் பட்சத்தில், ஆன்டி டி ஊசி (தாயின் உடல் அடுத்த கருவின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுப்பது) 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 12 வாரத்துக்கு முன்பு 50 மைக்ரோகிராம், அதற்குப் பிறகு 300 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. சின்ன ஊர்களில் 50 கிடைக்காவிட்டால் 300 போடுவார்கள், அதில் தவறில்லை. மிக ஆரம்பத்தில் தானாகக் கலைந்தால் தேவையில்லை என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் ஊசி போட்டதா இல்லையா, எந்தத் தேதி என்பது டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மாதவிலக்கு பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் வந்துவிடும். 8 வாரம் கடந்தும் வராவிட்டாலோ, டி அண்ட் சிக்குப் பிறகு முன்பைவிட மிகக் குறைவாக, ஒரு நாள் சொட்டு மட்டும் வந்து நின்றாலோ சொல்லிவிடுங்கள். சுரண்டிய இடத்தில் கர்ப்பப்பையின் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை கரு வைத்தாலும் பிடிக்காது. ஹிஸ்டரோஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்.

இன்னும் டி அண்ட் சி செய்யவில்லை, நாளைக்குத்தான் என்றால், அதிலும் இது இரண்டாவது முறை என்றால், ஒரு விஷயத்தை இன்றே கேளுங்கள்: வெளியேற்றும் திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அந்தத் திசு கிருமியற்ற நார்மல் சலைனில் போக வேண்டும். பார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும். செல்லை வளர்த்துப் பார்க்கும் காரியோடைப்பிங் நடக்காது. அறுவை அரங்கில் வழக்கப்படி பார்மலின் பாட்டில்தான் தயாராக இருக்கும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் வாய்ப்பு கைநழுவுவது அடிக்கடி நடக்கிறது. சலைனில் ஒரு பாட்டில் மரபணு லேபுக்கு, பார்மலினில் ஒரு பாட்டில் பயாப்சிக்கு என இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பயாப்சியும் முக்கியம்தான், முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துபோல் பெருகுவது) என்பதை அதுதான் சொல்லும். மரபணு முடிவு சாதாரணப் பெண் குரோமோசோம், 46 எக்ஸ்எக்ஸ், என்று வந்தால் அது தாயின் திசுவே கலந்து வந்த முடிவாகவும் இருக்கலாம். தாய்த் திசு கலப்பு சோதிக்கப்பட்டதா என்று லேபில் கேட்கலாம்.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு: கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்ட உரிமை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. டாக்டரின் சான்று வேண்டும். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) "லீவு" என்று மட்டும் போட்டுவிட்டு நாலாம் நாள் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்திருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி அந்தக் கர்ப்பத்தின் முடிவையும் பதியச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிரசவத் தேதி நெருங்கும்போது விசாரிப்பு வரும். அந்த நாளில் அந்தப் பேச்சைக் கேட்பது கொடுமை.

ஒற்றைத் தாளில் முழு வரலாறு

டாக்டர் உங்களுக்கு ஒதுக்கும் நேரம் பத்து நிமிடமாகக்கூட இருக்கலாம். அந்த நேரத்தில் பை நிறைய ரிப்போர்ட்டைக் கொட்டித் தேடுவது வீண். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு பத்தி வீதம் ஒரே தாளில் எழுதுங்கள்: கடைசி மாதவிலக்குத் தேதி, முயற்சி தொடங்கி எத்தனை மாதத்தில் தங்கியது, தானாகவா, மாத்திரை அல்லது ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) மூலமா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, தெரிந்தால் எத்தனையாவது வாரம், எந்த வாரத்தில் நின்றது, எந்த வாரத்தில் வெளியேறியது, வலியோடா, வலியில்லாமலா, எப்படி வெளியேற்றினார்கள், திசுப் பரிசோதனை முடிவு.

"நின்ற வாரம்" வேறு, "வெளியேறிய வாரம்" வேறு என்பதைக் கவனியுங்கள். 11 வாரத்தில் ரத்தம் பட்டிருக்கும். ஸ்கேனில் கருவின் நீளம் 7 வார அளவுதான் இருக்கும். காரணம் தேடும்போது அந்த 7தான் கணக்கு. 10 வாரத்துக்கு முன் நிற்பவற்றில் பெரும்பங்கு குரோமோசோம் கோளாறு. 10 வாரம் கடந்து, துடிப்பும் வடிவமும் சரியாக இருந்த கரு நின்றுபோனால் ரத்தம் உறையும் கோளாறை நினைக்க வேண்டும். 14 வாரத்துக்கு மேல், பெரிய வலி இல்லாமல் வாய் திறந்து வந்துவிட்டால் கர்ப்பப்பை வாய்ப் பலவீனம்; அதற்குக் கருத்தரிப்பு சிகிச்சை தேவையில்லை, அடுத்த கர்ப்பத்தில் 12 முதல் 14 வாரத்தில் போடும் தையல் போதும். ஏழாவது வாரத்தில் கலைந்தவரிடம் "கர்ப்பப்பை வீக்" என்று சொல்லி அனுப்புவது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். ஏழாவது வாரத்துக்கும் வாய்ப் பலவீனத்துக்கும் தொடர்பில்லை.

ஸ்கேன் படம் அச்சாகும் தாள் வெப்பத்தில் மங்கிப்போகும். வாங்கிய அன்றே போனில் படமெடுத்து, கணவர் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பார்த்ததைத் தமிழ்நாட்டு டாக்டர் கணினியில் பெரும்பாலும் பார்க்க முடியாது. அந்தப் பக்கமும் அப்படியே. கோப்பு உங்கள் கையில் இருந்தால்தான் உண்டு.

எவ்வளவு நாள் பொறுப்பது

"ஆறு மாதம் கர்ப்பப்பைக்கு ஓய்வு கொடுக்கணும்" என்பார்கள். முன்பு உலக சுகாதார நிறுவனமே அப்படிச் சொன்னது. சிக்கலில்லாமல் ஆரம்ப மாதங்களில் கலைந்தவர்களில், சீக்கிரம் மறுபடி முயன்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ரத்தம் நின்று, ஒரு மாதவிலக்கு ஒழுங்காக வந்த பிறகு உடம்பு தயார். அந்த ஒரு மாதவிலக்கு அடுத்த கர்ப்பத்தின் நாள் கணக்குக்கும் உதவும்.

பொறுத்தே ஆக வேண்டியவர்கள் உண்டு. குழாய்க் கர்ப்பத்துக்கு (கரு கருக்குழாயிலேயே தங்கிவிடுவது) மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டவர்கள் குறைந்தது 3 மாதம். அந்த மருந்து ஃபோலிக் அமிலத்தை முடக்குவது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றால் பீட்டா எச்சிஜி இறங்கி, டாக்டர் கண்காணிப்பை முடித்து, போகலாம் என்று சொல்லும் வரை; பல மாதம் ஆகும். இடையில் கரு தங்கினால் நோய் திரும்பியதா கர்ப்பமா என்று பிரித்தறிய முடியாது. சிசேரியன் ஆனவர்கள் தழும்பு ஆறும் வரை, ஒரு வருடத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. ருபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதம். இவற்றில் எதுவும் இல்லாமல் வயது 37 ஆகிவிட்ட பெண்ணை ஆறு மாதம் சும்மா இருக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் நல்லது ஆகாது. 40 வயதில் தங்கும் கருவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கலைகிறது. 45இல் பாதிக்கு மேல். முட்டையின் வயதுதான் அதற்குக் காரணம்.

உடம்பு தயார் என்பதும் மனசு தயார் என்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவரைப் பதில் சொல்ல வைத்துவிட்டால் பாதி பாரம் குறையும். பெரும்பாலும் மாமியாரோ அம்மாவோ அந்த வேலையை நன்றாகச் செய்வார்கள், விஷயத்தை உடைத்துச் சொல்லிக் கேட்டுக்கொண்டால். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரமாக அழுகை நிற்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. கணவர்களும் பேசலாம்.

எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம்

ஒரே ஒரு முறை, ஆரம்ப வாரங்களில் கலைந்திருந்தால் பெரிய பரிசோதனை தேவையில்லை. தெரிந்த கர்ப்பங்களிலேயே 100இல் 10 முதல் 20 வரை கலைகின்றன. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டு முறைக்குப் பிறகு காரணம் தேடச் சொல்கின்றன. பிரிட்டனில் மூன்று முறை என்பது கணக்கு. 10 வாரம் கடந்து இயல்பான கரு ஒன்று போனாலே உறைதல் பரிசோதனைக்கு அது போதும். கரு தங்குவதே தாமதம் என்றால் 35க்குக் கீழே ஒரு வருடம், 35க்கு மேல் ஆறு மாதம், 40 ஆனால் உடனே என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று ரத்தப் பரிசோதனைகள் கம்பத்திலோ கட்டப்பனையிலோ எடுத்துவிடலாம்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரைக்கு எச்பிஏ1சி, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. டிஎஸ்எச் 4க்கு மேல் போனால் மாத்திரை. ஏற்கனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் 2.5க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபி டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். "மாத்திரை போட்டும் டிஎஸ்எச் இறங்கல" என்பதற்குக் காலை டீயோடு சேர்த்து விழுங்குவது ஒரு பெரிய காரணம்.

உறைதல் கோளாறுக்கு மூன்று பரிசோதனைகள் சேர்ந்தே எடுக்க வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன். கரு கலைந்து குறைந்தது 6 வாரம் ஆன பிறகு எடுங்கள். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் அது நோய். சாதாரணக் காய்ச்சலில்கூட ஒருமுறை பாசிட்டிவ் வரும். உறுதியானால் சிகிச்சை தெளிவானது: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், கர்ப்பம் உறுதியானதும் ஹெபாரின் வகை ஊசி. எனாக்ஸாபாரின் என்றால் நாளுக்கு 40 மில்லிகிராம் வழக்கம், எடையைப் பொறுத்து மாறும். காரணம் தெரிந்து, சிகிச்சையும் பலன் தருகிற சில நிலைகளில் இது முக்கியமானது. அதனால் இதைத் தவறவிடக் கூடாது. இந்த நோய் இல்லாதவருக்கு "பாதுகாப்புக்காக" ஹெபாரின் போடுவதால் கரு நிற்பதில்லை.

கர்ப்பப்பையின் வடிவம் பார்க்க 3டி ஸ்கேன். நடுவில் தடுப்புச் சுவர், உள்புறம் துருத்தும் கட்டி, பாலிப் இருந்தால் தெரியும். குழாய் அடைப்பு பார்க்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரே, மாதவிலக்கு நின்ற பிறகு, 7 முதல் 10ஆம் நாளுக்குள். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளக் கேளுங்கள். முறுக்கு வலி இருக்கும், சில நிமிடங்களில் அடங்கும். குழாய்க் கர்ப்பம் ஆனவருக்கும், முன்பு காசநோய் வந்தவருக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் குழாய் அடைவதற்கும் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிவதற்கும் காசநோய் ஒரு காரணமாகவே இருக்கிறது. ஆனால் உள்சவ்வில் எடுத்த பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) ஒன்றை மட்டும் வைத்து ஆறு மாத மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

கணவன் மனைவி இருவரின் காரியோடைப்பிங் விலை கூடியது. மீண்டும் மீண்டும் கலையும் 100 தம்பதிகளில் 2 முதல் 5 பேரிடம் ஒருவருடைய குரோமோசோம் இடம் மாறியிருப்பது தெரியவரும். திசுப் பரிசோதனையில் அப்படி ஏதாவது தெரிந்திருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். அக்கா மகள், மாமன் மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்கள் மரபணு ஆலோசகரை ஒருமுறை பார்ப்பதும், இருவரும் எச்பிஏ2 எடுத்துத் தலசீமியா கடத்திகளா என்று தெரிந்துகொள்வதும் நல்லது.

ஏஎம்எச் எந்த நாளும் எடுக்கலாம். அது முட்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. "ஏஎம்எச் குறைவு, அதனால்தான் கலைந்தது" என்று யாராவது சொன்னால் அது பாதிக் கதை.

வேண்டாதவை: ருபெல்லா போன்ற சில தொற்றுகளைத் தேடும் டார்ச் பரிசோதனை. நம்மூரில் கரு கலைந்த கையோடு எழுதித்தருவார்கள். முன்பு எப்போதோ வந்துபோன தொற்றின் ஐஜிஜி பாசிட்டிவ் வரும். அதற்கு மருந்தும் கொடுப்பார்கள். திரும்பத் திரும்பக் கலைவதற்கு அது காரணம் ஆகாது. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவையும் என்கே செல் என்ற எதிர்ப்பு அணுவையும் பார்க்கும் பரிசோதனைகள், கணவரின் வெள்ளணுவை எடுத்து மனைவிக்குப் போடும் சிகிச்சை, இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்பு டிரிப், இவை பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து காரணமே தெரியாமல் போகிற தம்பதிகள் ஏறத்தாழ பாதிப்பேர். ஏமாற்றமாக இருந்தாலும் அது கெட்ட செய்தி இல்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விசேஷ சிகிச்சை இல்லாமலே அடுத்தடுத்த முயற்சியில் குழந்தை நிற்கிறது.

இந்த மாதங்களில் ஃபோலிக் அமிலம் தொடங்கிவிடுங்கள். பொதுவான தேவை நாளுக்கு 400 மைக்ரோகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம்; சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு குழந்தைக்கு முதுகெலும்புக் குறை, இவை இருப்பவர்களுக்கு அந்த அளவு. நாட்டு மருந்து, ஆயுர்வேத லேகியம் எடுத்தால் பெயரோடு டாக்டரிடம் சொல்லுங்கள். பஸ்பம், செந்தூரம் வகைகளில் உலோகம் இருப்பதால் கருவுக்கு முயலும்போது நிறுத்திவிடுவதே நல்லது.

கணவருக்கு

மனைவிக்கு எச்எஸ்ஜி எடுப்பதற்கு முன்பே விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். விலை குறைவு, வலி இல்லை, இருந்தும் கடைசியில்தான் நடக்கிறது. 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பிறகு, லேபிலேயே கொடுப்பது நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பதால் வண்டிப்பெரியாறில் எடுத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறுவது சரிப்படாது. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, எண்ணெய் எச்சில் படக் கூடாது. முதல் துளி சிந்திவிட்டால் சொல்லிவிட வேண்டும், அதில்தான் அணுக்கள் அதிகம். 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் கீழ்வரம்பு: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணு, நகர்வு 42 சதவீதம், இயல்பு வடிவம் 4 சதவீதம். 4 சதவீதம் என்று பார்த்து மிரள வேண்டாம், அது போதுமானது. குறைந்தால் ஒரு ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்காமல் இன்னொருமுறை எடுங்கள். டெங்கு மாதிரி காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து எடுங்கள்; ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும்.

ஏலத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்பவர்கள் இந்த மூன்று மாதமாவது வேறு வேலைக்கு மாற்றிக் கேட்க வேண்டும். பூச்சிமருந்து விந்தணுவைப் பாதிப்பதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. முடியாதென்றால் கையுறை, முகக்கவசம், வீட்டுக்குள் நுழையும் முன் குளியல். மருந்துபட்ட சட்டையை மனைவி துவைக்கக் கூடாது. பீடி, ஹான்ஸ் புகையிலை, சரக்கு பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த மலை இறங்குவது

2021ஆம் ஆண்டு ஏஆர்டி (கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பம்) சட்டப்படி எல்லா மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் நிலை மையம் ஐயூஐ வரை, இரண்டாம் நிலை ஐவிஎஃப் உள்ளிட்டவை. பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா பாருங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரம்பு. ஆதார், திருமணச் சான்று இரண்டும் கேட்பார்கள். ஒப்புதல் படிவத்தைப் புரிகிற மொழியில் விளக்கக் கேட்பது உங்கள் உரிமை. மலையாளமோ ஆங்கிலமோ மட்டும் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆணா பெண்ணா பார்த்து வைத்துத் தருகிறோம் என்று சாடையாகப் பேசுகிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

அரசு வழியில், அடிப்படைப் பரிசோதனைகளுக்குக் க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரியும், மலைக்கு மேற்கே கோட்டயம் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனையில் அரசு ஐவிஎஃப் வசதி உண்டு. தனியார் என்றால் குமுளியிலிருந்து தேனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மதுரையும் கோட்டயமும் அதைவிட இரண்டு மடங்கு. விலை கேட்கும்போது ஊசி, மயக்க மருந்து, கரு உறையவைத்தல், வருடாந்திர சேமிப்பு, பிற்பாடு கரு வைக்கும் செலவு எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். "பேக்கேஜ்" என்று சொல்வதில் ஊசி சேராமல் போவதுண்டு, ஊசிதான் பெரிய செலவு. "வெற்றி சதவீதம்" என்று போர்டில் இருப்பது கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களா, குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களா என்று கேளுங்கள். கரு கலைந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

காலத்தையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைப்பாதையில் மண் சரியும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை கூட்டம்; குமுளி வழியில் நெரிசல், வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். நாள் பார்த்துப் போக வேண்டிய சிகிச்சையை அந்த மாதங்களில் வைத்தால் கீழே ஊரில் தங்க இடம் பார்த்துக்கொண்டே வையுங்கள்.

சிகிச்சைச் சுற்று

முட்டை ஒழுங்காக வெடிக்காதவர்களுக்கு லெட்ரோசோல். 2ஆம் அல்லது 3ஆம் நாள் தொடங்கி 5 நாள், 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து 7.5 வரை கூட்டுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அதே மருந்து குறைந்த நாள் கொடுத்தால் முட்டையை வளர்க்கும். 9 அல்லது 10ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன். இதை உள்ளூர் ஸ்கேன் மையத்தில் எடுத்து அளவை வாட்சப்பில் அனுப்ப டாக்டர் சம்மதித்தால் பாதி அலைச்சல் மிச்சம். முட்டை வளரும் பை 18 முதல் 20 மில்லிமீட்டர், உள்சவ்வு 7 மில்லிமீட்டருக்கு மேல் வந்ததும் எச்சிஜி ஊசி. ஐயூஐ என்றால் சுமார் 36 மணி நேரத்தில். மூன்றுக்கு மேல் முட்டை பெருத்துவிட்டால் அந்த மாதத்தைக் கைவிடச் சொல்வார்கள். வருத்தமாக இருக்கும், மூன்று குழந்தைக் கர்ப்பம் கலைவதைவிட அது மேல். ஐயூஐ மூன்று நான்கு முறை பலிக்காவிட்டால் ஐந்தாவதும் அதையே செய்யாமல் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஐவிஎஃப்பில் 8 முதல் 12 நாள் ஊசி. ஊசி மருந்துகளில் பல 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. பிரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள், பிரீசர் வேண்டவே வேண்டாம். பயணத்தில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி பிளாஸ்கில் வையுங்கள். மருந்து பனிக்கட்டியைத் தொட்டு உறைந்தால் கெட்டுவிடும். மழைக்காலத்தில் கரண்ட் இரண்டு நாள் போகிற எஸ்டேட்டில் இருந்தால் மருந்தைக் கீழே கடையிலேயே வைத்துத் தினமும் வாங்குவது நல்லது. கடைசி ஊசி, முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு. இரவு 10 என்றால் 10தான். தவறிவிட்டால் மறைக்காமல் உடனே மையத்துக்குப் போன் செய்யுங்கள், நேரத்தை மாற்றியமைப்பார்கள். அந்த இரவிலிருந்து கீழே ஊரிலேயே தங்குங்கள்.

முட்டை எடுத்த பிறகு வயிறு ஊதி, ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அது ஊசியால் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி. இரவானாலும் போக வேண்டும்.

கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. ஜீப்பில் வந்தால் கரு குலுங்கி விழாது. படுக்கை ஓய்வால் கரு பிடிக்கும் வாய்ப்பு கூடுவதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. பாரம் தூக்காமல் இருந்தால் போதும். "உடம்பு சூடு" என்று சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். பழுத்த பப்பாளி ஒரு துண்டால் கரு கலையாது. காய்ப் பப்பாளியைத் தவிருங்கள்.

பாசிட்டிவ் வந்த பிறகு

எச்சிஜி ஊசி போட்டு 14 நாள் ஆவதற்கு முன் வீட்டில் டெஸ்ட் பண்ணாதீர்கள். ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டும். கருவைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மாதவிலக்கு அந்த மாத்திரையாலேயே தள்ளிப்போகலாம். நாள் தள்ளியதை வைத்து முடிவு செய்யாமல் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை எடுங்கள். பீட்டா எச்சிஜி 48 மணி நேரம் விட்டு இரண்டு முறை, ஒரே லேபில். ஆரம்பத்தில் குறைந்தது பாதி அளவாவது கூட வேண்டும். மெதுவாக ஏறினால் குழாய்க் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் வந்தால் மலையில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

முதல் ஸ்கேன் 6 முடிந்து 7ஆவது வாரத்தில். 5ஆவது வாரமே ஓடினால் பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது, பத்து நாள் தூக்கம் போகும். முன்பு கலைந்து, இந்த முறையும் ரத்தம் பட்டால் யோனிவழி மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 400 மில்லிகிராம் தினம் இரண்டு முறை, 16 வாரம் வரை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். ரத்தமே படாதவருக்கு அதன் பலன் தெளிவாக இல்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் பாசிட்டிவ் வந்த அன்றே சொல்லுங்கள், அளவைக் கூட்டுவார்கள். ஆஸ்பிரின், ஹெபாரின் எடுப்பவர்கள் சொந்த முடிவில் நிறுத்தக் கூடாது.

8 முதல் 10 வாரத்தில் குழந்தைப்பேறு மையம் உங்களைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பும். இந்த மாறுதலில்தான் மருந்து விட்டுப்போகும்: மதுரையில் எழுதிய புரோஜெஸ்டிரோன் தீர்ந்திருக்கும், கட்டப்பனை டாக்டருக்கு அது தெரியாது. கிளம்பும் முன் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, எந்த வாரத்தில் நிறுத்துவது. கரு வைத்த தேதி. ஆன்டி டி தேவையா. அடுத்த ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் எந்தத் தேதி. தையல் வேண்டியவர்களுக்கு எந்த வாரம், எந்த ஆஸ்பத்திரி. இரவில் கூப்பிட வேண்டிய போன் எண்ணையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.